ஆறிய பிறகு போடுங்கள்

கூழைப் பற்றி எங்கள் ஊர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் நடுவில் காடாம்புலியூர். பலாவும் முந்திரியும் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தன. ஆனால் வயிறு நிறைந்தது கேழ்வரகாலும் கம்பாலும்தான். ஆடி பிறந்தால் மாரியம்மன் கோயிலில் அண்டா அண்டாவாகக் கூழ் காய்ச்சி ஊற்றுவதை இன்றும் நிறுத்தவில்லை. அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான், முளைகட்டிய கேழ்வரகு மாவை எப்போது பாத்திரத்தில் போட வேண்டும் என்பதை 65 வயதில், அமெரிக்காவில், பீர் காய்ச்சும் மாப்பிள்ளையிடம் கற்றுக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

2018 கோடையில் மகள் வீட்டுக்கு ஓரிகான் மாநிலம் போர்ட்லேண்டுக்குப் போயிருந்தோம். ஒரு சனிக்கிழமை காலை மாப்பிள்ளை கார் ஷெட்டில் ஒரு பெரிய ஐஸ் பெட்டி, இரண்டு அலுமினிய அண்டா, எரிவாயு அடுப்பு, ஒரு மூட்டை தானியம் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து மெதுவாகச் சொன்னாள்: "என்னங்க, மாப்பிள்ளை சாராயம் காய்ச்சப் போறார் போல இருக்கு. நீங்க அங்க போய் நிக்காதீங்க."

சாராயம் இல்லை, பீர். காய்ச்சி வடிப்பதை அந்த நாட்டிலும் வீட்டில் செய்யக்கூடாது. பீர் செய்யலாம். 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு அனுமதி தந்தது. பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 காலன், ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 200 காலன், விற்கக்கூடாது. நம் ஊரில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் எந்த மதுவையும் தயாரிப்பது குற்றம். பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60க்கும் மேற்பட்டவர்கள் விஷச் சாராயம் குடித்துச் செத்ததைப் பார்த்தவன் நான். யாரும் இதைப் படித்துவிட்டு அண்டாவைத் தூக்க வேண்டாம். நான் பேசப்போவது பீரின் முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி மட்டும். அந்த ஒரு மணி நேரத்தில் அது பீரே இல்லை. அது வெறும் கூழ்.

மனைவி சொல்லைக் கேட்காமல் நான் போய் நின்றேன். நெய்வேலி அனல் மின் நிலையத்தில் கொதிகலன் பக்கம் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் தண்ணீர் சுட வைத்தால் என்னால் உள்ளே உட்கார்ந்திருக்க முடியாது.

அவர் செய்தது இதுதான். முளைகட்டி உலர்த்திய பார்லி நான்கு கிலோ. ஒன்றிரண்டாக உடைத்தது; மாவாக அரைக்கவில்லை. உமி முழுசாக இருந்தால்தான் பிறகு அதுவே வடிகட்டியாக வேலை செய்யுமாம். தண்ணீர் 12 லிட்டர். இரண்டையும் ஐஸ் பெட்டியில் கலந்து மூடி ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். கலந்த பிறகு வெப்பம் 66 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மேஷ்.

"மாமா, தண்ணியை எத்தனை டிகிரியில ஊத்தணும் சொல்லுங்க பார்ப்போம்," என்றார்.

தானியம் 20 டிகிரியில் இருக்கிறது. அது கொஞ்சம் சூட்டைத் தின்னும். தானியத்தின் வெப்பக் கொள்ளளவு தண்ணீரில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. மனதில் போட்டுப் பார்த்து 72 என்றேன். அவர் கைப்பேசியில் இருந்த கணக்கும் 72 என்றது. அன்றிலிருந்து மாப்பிள்ளைக்கு என் மேல் மரியாதை கூடிவிட்டது. எனக்கும் அவர் மேல். (இதையே காடாம்புலியூரில், 32 டிகிரி வெயிலில் கிடந்த தானியத்தில் செய்தால் 70, 71 போதும். வெயிலுக்கும் ஒரு பயன்.)

ஏன் 66? 60 ஆனால் என்ன, 80 ஆனால் என்ன? இதுதான் விஷயத்தின் மையம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தானியம் முளைவிடும்போது உள்ளே நொதிகள் உண்டாகின்றன. முளைக்கு உணவு வேண்டும். மாவுச்சத்தாக இருப்பதை அது அப்படியே சாப்பிட முடியாது. அந்த மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குவது நொதிகளின் வேலை. முக்கியமானவை இரண்டு: ஆல்ஃபா அமிலேஸ், பீட்டா அமிலேஸ். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்த பிறகு எங்கள் பக்கம் முந்திரித் தோப்புகளைச் சுத்தம் செய்ததை நினைத்துக்கொள்ளுங்கள். விழுந்து கிடக்கும் மரம்தான் மாவுச்சத்து. ரம்பம் வைத்திருப்பவன் கிளையை எங்கே வேண்டுமானாலும் குறுக்கே அறுக்கிறான். அவன் ஆல்ஃபா. கூட வந்த பையன் நுனியிலிருந்து குச்சி குச்சியாக ஒடித்துக் கட்டுகிறான். அவன் பீட்டா. ரம்பக்காரன் அறுக்க அறுக்கப் பையனுக்கு நுனிகள் கூடும். பையன் கட்டும் கட்டுதான் சர்க்கரை. ரம்பக்காரன் மட்டும் வேலை செய்தால் மரம் துண்டாகி வழி கிடைக்கும்; கட்டு அதிகம் சேராது.

பையனுக்கு வெயில் தாங்காது. 60 முதல் 65 டிகிரி வரை நன்றாக வேலை செய்வான், அதற்கு மேல் சீக்கிரம் சோர்ந்து விழுந்துவிடுவான். ரம்பக்காரன் 70 டிகிரிப் பக்கம்தான் சுறுசுறுப்பு. 80 டிகிரிக்கு மேல் ஈரத்தில் வைத்தால் இரண்டு பேருமே கொஞ்ச நேரத்தில் காலி. கொதிக்கும் தண்ணீரில் நொடிக் கணக்குதான். ஒருமுறை செத்த நொதி ஆறினால் திரும்பி வராது. 66 என்பது இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் வேலை வாங்கும் சமரசம்.

மாப்பிள்ளையின் முதல் நான்கு முறை சரியாக வரவில்லையாம். தானியத்தில் இருக்கும் சத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் தண்ணீரில் இறங்கியது. அவர் திருத்திய விஷயங்களைக் கேட்டபோது எனக்குப் பழைய கன்ட்ரோல் ரூம் ஞாபகம்தான் வந்தது. ஒன்று, தெர்மாமீட்டரையே சோதித்தது. உருகும் பனிக்கட்டியில் பூஜ்யமும் கொதிநீரில் 100ம் காட்ட வேண்டும்; அவருடையது நான்கு டிகிரி பொய் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு, ஐஸ் பெட்டியை முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கியது. மூன்று, தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கட்டி தட்டாமல் கிண்டியது. கட்டிக்குள் தண்ணீர் போகாது. தண்ணீர் போகாத இடத்தில் நொதி வேலை செய்யாது. நான்கு, ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தட்டில் விட்டு அயோடின் தொட்டுப் பார்த்தது. கருநீலமானால் மாவுச்சத்து இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பொருள். அயோடின் நிறத்திலேயே நின்றால் மாறிவிட்டது. ஐந்து, ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதியது. தண்ணீரின் கார அமிலத் தன்மை என்று ஆறாவது ஒன்றும் சொன்னார். அது நமக்கு வேண்டாம்.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தார். குடித்துப் பார்த்தேன். சர்க்கரை ஒரு சிட்டிகை சேர்க்காத தானியத் தண்ணீர் பதநீர் மாதிரி இனித்தது. மனைவியைக் கூப்பிட்டேன். அவளும் குடித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நாமளும் கேழ்வரகை முளைகட்டித்தானே மாவு அரைக்கிறோம்? அது ஏன் இப்படி இனிக்கறதில்ல?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. ஊருக்கு வந்த பிறகுதான் தேடினேன்.

பதில் எளிது. நாம் முளைகட்டுகிறோம், பிறகு அதன் பலனைக் கொன்றுவிடுகிறோம். அதுவும் இரண்டு முறை.

முதல் கொலை வாணலியில். கேழ்வரகை ராத்திரி ஊறவைத்து, ஈரத் துணியில் ஒன்றரை இரண்டு நாள் கட்டிவைத்து, முளைத்ததும் உலர்த்துகிறோம். அதுவரை சரி. பிறகு வாசனை வர வேண்டும் என்று சிவக்கச் சிவக்க வறுக்கிறோம். காய்ந்த தானியத்தில் நொதி ஓரளவு சூட்டைத் தாங்கும்; பார்லி மால்ட்டையே மெதுவாக உலர்த்திவிட்டுக் கடைசியில் 80 டிகிரிக்கு மேலும் காயவைக்கிறார்கள். ஆனால் சிவந்து பொரியும் வாணலியைத் தாங்காது. பீர்க்காரர்களிடமும் கருக வறுத்த மால்ட் உண்டு. அது நிறத்துக்கும் வாசனைக்கும் மட்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அதைக் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள், அதை நம்பி மேஷ் போட மாட்டார்கள்.

இரண்டாவது கொலை அடுப்பில். மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கும் பாலிலோ தண்ணீரிலோ ஊற்றுகிறோம். பாக்கெட்டின் பின்பக்கத்திலும் பெரும்பாலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. வாணலியில் தப்பிய நொதியும் அங்கே முடிந்தது. மிச்சம் இருப்பது முளைகட்டியதால் வந்த வேறு சில நன்மைகள். அவை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எதற்காக மூன்று நாள் பாடுபட்டோமோ அதில் பெரிய பங்கு போய்விட்டது.

அப்படியானால் மாவை அப்படியே 66 டிகிரித் தண்ணீரில் ஊறவைத்தால் போதுமா? பார்லிக்குப் போதும். கேழ்வரகுக்கும் அரிசிக்கும் அரைகுறைதான். அவற்றின் மாவுச்சத்து வெந்து இளக இன்னும் அதிக சூடு வேண்டும். வேகாத மாவுச்சத்தில் நொதி சரியாகப் பிடிக்காது. வேக வேண்டுமானால் கொதிக்க வேண்டும்; கொதித்தால் நொதி சாகும். இந்தச் சிக்கல் பீர்க்காரர்களுக்கும் உண்டு. அரிசியும் சோளமும் சேர்த்து பீர் செய்யும் அமெரிக்க ஆலைகள் அரிசியைத் தனியாகக் கொதிக்கவைத்துக் கஞ்சியாக்கி, அதைப் பார்லி மேஷோடு கலக்கின்றன. வேக வேண்டியது வேகட்டும், உயிரோடு இருக்க வேண்டியது தள்ளி நிற்கட்டும் என்பதுதான் தீர்வு.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் தமிழாசிரியராக ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர் பெரும்பாணாற்றுப்படையை எடுத்து முன்னால் வைத்தார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. அதில் கள் செய்யும் முறை ஒன்று வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கிறார்கள். வாய் அகன்ற தட்டில் போட்டு ஆற்றுகிறார்கள். ஆறிய பிறகு முளையின் அடையைக் கலக்கிறார்கள் (உரைகாரர் சொல்லும் பொருள் இது). இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் வைக்கிறார்கள். களி முதலில், ஆற்றுவது அடுத்து, முளை கடைசியில். ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் அந்தச் சில அடிகளையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தோம். ஓரிகானில் நான் கற்ற வரிசை காஞ்சிப் பக்கத்துப் பாட்டில் அப்படியே இருக்கிறது.

சரி, பழம்பெருமை போதும். அது நம்மை எங்கும் கொண்டுபோகாது. வரிசை தெரிந்தவர்கள் இருந்தார்கள், நாம் மறந்துவிட்டோம். என் ஆயா முளைமாவை எப்போது போட்டாள் என்று எனக்கு நினைவில்லை. அவள் அடுப்பங்கரையில் இருந்தபோது நான் திண்ணையில் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடமும் கேட்கவில்லை. இப்போது கேட்க இரண்டு பேரும் இல்லை.

கேட்க முடியாததைச் செய்து பார்க்கலாம் அல்லவா? செய்து பார்த்தேன்.

சாதாரணக் கேழ்வரகு மாவு 75 கிராம், தண்ணீர் அரை லிட்டர். நன்றாக வேகவைத்தால் கரண்டி நிற்கும் பதம். அதை மூன்று டம்ளரில் பிரித்து 70 டிகிரிக்கு ஆறவிட்டேன். முதல் டம்ளரில் வெயிலில் மட்டும் உலர்த்தி அரைத்த முளைமாவு கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட. இரண்டாவதில் மனைவி வழக்கம்போல் சிவக்க வறுத்து அரைத்தது அதே அளவு. மூன்றாவதில் கடையில் வாங்கிய ராகி மால்ட். மூன்றையும் கலக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, முதல் டம்ளர் மோர் மாதிரி ஓடத் தொடங்கியது. இரண்டாவது அப்படியே நின்றது. மூன்றாவது லேசாக இளகியது, அவ்வளவுதான். மனைவி முதல் டம்ளரைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "தண்ணி ஊத்தினீங்களா?" என்று இரண்டு முறை கேட்டாள். ஒரு சொட்டு ஊற்றவில்லை. அதே மாவு, அதே தண்ணீர். ரம்பக்காரன் உள்ளே புகுந்து மரத்தைத் துண்டு போட்டுவிட்டான்.

இது ஏதோ ஓய்வு பெற்றவனின் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். தம்பி வீட்டுப் பேத்திக்கு அப்போது பத்து மாதம். எடை ஏறவில்லை என்று சுகாதார நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். தம்பி மருமகள் என்னிடம் அழாத குறையாகச் சொன்னாள்: "பெரிய மாமா, கூழு கெட்டியா குடுத்தா துப்புறா. தண்ணியா குடுத்தா குடிக்கிறா. மூணு வேளையும் வயிறு ரொம்பத்தான் குடுக்கறேன்."

வயிறு நிறைந்தது, உண்மை. எதனால் நிறைந்தது? தண்ணீரால். கணக்கு பாருங்கள். 200 மில்லி டம்ளரில் குழந்தை குடிக்கிற பதத்தில் 20 கிராம் மாவுக்கு மேல் போட முடியாது. 20 கிராம் கேழ்வரகில் சுமார் 65 கலோரி. குழந்தையின் வயிறு ஒரு கைப்பிடி அளவு. இரண்டாவது டம்ளருக்கு அதில் இடம் கிடையாது. முளைமாவு சேர்த்து இளக்கினால் அதே பதத்தில், அதே டம்ளரில் 40 கிராம் மாவு நிற்கும். கலோரி இரண்டு மடங்கு. குழந்தை குடிக்கும் அளவு அதேதான்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் தேசிகாச்சாரும் மல்லேஷியும் கேழ்வரகை முளைகட்டிக் குழந்தை உணவு செய்வதைப் பற்றி 1970களின் கடைசியிலும் 1980களிலும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நம் தானியங்களில் கேழ்வரகு மால்ட்டுக்கு மிகவும் ஏற்றது என்பதும் அவர்கள் காட்டியதுதான். பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் குழுவினர் ஒரு சிட்டிகை முளைமாவு குழந்தைக் கஞ்சியை எப்படி இளக்குகிறது என்பதை 1980களிலேயே செய்து காட்டினார்கள். நாற்பது வருடம் ஆகிவிட்டது. எங்கள் ஊர் வரை அது வந்து சேரவில்லை. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது ஊரெல்லாம் விழா நடந்தது. கேழ்வரகு பீட்சாவும் கம்பு பிஸ்கட்டும் வைத்தார்கள். நான் போன கண்காட்சிகளில் முளைமாவை எந்தச் சூட்டில் போட வேண்டும் என்று ஒரு தட்டி கூட இல்லை.

என் கருத்து இதுதான், நேராகவே சொல்கிறேன். பாரம்பரிய உணவு என்று நாம் பாராட்டுப் பத்திரம் வாசிப்பதில் பத்தில் ஒரு பங்கு நேரத்தை அதைச் சரியாகச் செய்வதில் செலவிடவில்லை. ஒரு கோப்பை பீருக்காக ஒருவர் ஒரு டிகிரி கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று ஒரு மணி நேரம் காவல் இருக்கிறார். ஒரு குழந்தையின் சாப்பாட்டுக்கு நாம் அந்த அக்கறையைக் காட்டுவதில்லை. பாரம்பரியம் என்று சொன்னவுடன் அளப்பது அதற்கு அவமானம் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது.

இதைச் சொன்னபோது ஒரு நண்பர் மடக்கினார். "உங்க ஆயா என்ன தெர்மாமீட்டர் வெச்சுக்கிட்டா கூழ் காய்ச்சினாங்க?"

நியாயமான கேள்வி. பீர் காய்ச்சியவர்களும் பல நூறு வருடம் தெர்மாமீட்டர் இல்லாமல்தான் செய்தார்கள். இங்கிலாந்தில் மைக்கேல் கோம்ப்ரூன் என்பவர் 1758இல்தான் அதைப் பயன்படுத்தச் சொல்லிப் புத்தகம் எழுதினார். முளைத் தானியத்தில் வேலை செய்யும் பொருளைப் பாயென், பெர்சோ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் பிரித்தெடுத்தது 1833இல். உலகத்தில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட நொதி அதுதான். அதற்கு முன்பு பவேரியாவில் என்ன செய்தார்கள்? அளவால் சூட்டைப் பிடித்தார்கள். மேஷில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துக் கொதிக்கவைத்துத் திரும்ப ஊற்றுவார்கள். 50 டிகிரியில் இரண்டு பங்கு, 100 டிகிரியில் ஒரு பங்கு. கலந்தால் 66 சொச்சம். கருவி வேண்டாம், பங்கு தப்பாமல் இருந்தால் போதும்.

அதே வித்தையை நாமும் செய்யலாம். தெர்மாமீட்டர் இல்லாத வீட்டுக்காக நான் போட்ட கணக்கு இது. கூழுக்கு வேண்டிய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைக் கொதிக்கவைத்து ஆறவைத்துத் தனியாக மூடி வையுங்கள். மிச்சம் இரண்டு பங்கில் மாவு முழுவதையும் போட்டுக் கெட்டியாக வேகவைத்து இறக்குங்கள். ஆறிய ஒரு பங்கை அதில் ஊற்றிக் கிண்டுங்கள். கணக்குப்படி 75 வரும். பாத்திரமும் கிண்டலும் தின்றது போக 70 பக்கம் நிற்கும். இப்போது முளைமாவைத் தூவிக் கலந்து, மூடி, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். ஒரு கைப்பிடி மாவுக்கு ஒரு டீஸ்பூன் முளைமாவு தாராளம்.

இளகியதும் மறுபடி அடுப்பில் ஏற்றி ஒரு கொதி வரவிடுங்கள். இதை மட்டும் யாரும் தவிர்க்காதீர்கள். முளைகட்டும் ஈரத்தில் நொதி மட்டுமா வளரும், கிருமியும் வளரும். இரண்டாவது கொதியில் கிருமி சாகும். நொதியும் சாகும், ஆனால் அதன் வேலை முடிந்துவிட்டது. கூழ் திரும்பக் கெட்டிப்படாது. முளைமாவுக்குக் கேழ்வரகையே எடுங்கள். பெரிய சோளத்தின் முளையில் நஞ்சுப் பொருள் உண்டு, குழந்தைக்கு வேண்டாம். கேழ்வரகாக இருந்தாலும் முளையைத் தேய்த்து உதிர்த்துப் புடைத்துவிட்டு அரைப்பது நல்லது. பூசணம் பிடித்த முளையைக் கண்டால் முழுவதையும் கொட்டிவிடுங்கள், பொறுக்கி எடுத்துச் சேமிக்க வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை, இது பெரியவர்களுக்கு. ராகி மால்ட் சர்க்கரை நோய்க்கு நல்லது என்று என் அக்கா காலையும் மாலையும் குடித்துக்கொண்டிருந்தார். "அக்கா, இது இனிக்குது பார்த்தியா, எதனால இனிக்குது?" என்று கேட்டேன். "கேழ்வரகுடா, அது என்ன பண்ணும்," என்றார். முழுக் கேழ்வரகுக் களி வேறு, இந்த வித்தை செய்த கூழ் வேறு. நொதி நன்றாக வேலை செய்த கூழில் மாவுச்சத்து பாதி வழி ஜீரணமாகியே வருகிறது. எடை ஏறாத குழந்தைக்கும், மென்று விழுங்க முடியாத முதியவருக்கும் அது வரம். சர்க்கரை உள்ளவருக்கு அதே காரணத்தால் ஆகாது. ஒரே பொருளை எல்லோருக்கும் நல்லது என்று விற்பவர்களை நம்பாதீர்கள். என்னையும் நம்ப வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள்.

தம்பி பேத்தி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். முதல் நாள் நானே காய்ச்சிக் கொண்டுபோனேன். பாதி டம்ளர் குடித்தாள், மீதியை என் வேட்டியில் கவிழ்த்தாள். மறுநாள் முழு டம்ளர். அதற்குப் பிறகு அவள் அம்மாவே செய்ய ஆரம்பித்தாள், பருப்பும் முட்டையும்கூடச் சேர்ந்தது. எடை ஏறியது. ஏறியதற்குக் கூழ் மட்டும்தான் காரணம் என்று நான் எழுதமாட்டேன். ஒரு குழந்தையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தப் பெண் மூன்று வேளையும் தண்ணீரை ஊட்டிவிட்டுக் குழந்தை சாப்பிடுகிறது என்று நிம்மதியாக இருந்தாளே, அது நின்றது. அதற்காகவே இந்த வேலை தகும்.

மனைவி இப்போது முளைக் கேழ்வரகை இரண்டாகப் பிரிக்கிறாள். ஒரு பங்கை வறுத்து வாசனைக்கு வைத்துக்கொள்கிறாள். இன்னொரு பங்கை வெயிலில் மட்டும் காயவைத்து, தனி டப்பாவில் போட்டு, மேலே "வறுக்காதது" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். தம்பி மருமகள் அந்த டப்பாவைக் கேட்டு வாங்கிப்போகிறாள். தெருவில் இன்னும் இரண்டு வீட்டுக்கு அது போகிறது.

உங்கள் வீட்டில் ஆயாவோ அம்மாச்சியோ இருந்தால் இன்றைக்கே கேட்டுவிடுங்கள், முளைமாவை எப்போது போடுவார்கள் என்று. பதில் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள். நான் கேட்காமல் விட்டது அது.